நிழற்பக்கத்து யோகம்

மலை ஒன்றுதான். ஆயினும் கதிரவன் எழுந்ததும் அதன் ஒரு பக்கம் ஒளியில் பளபளக்கிறது; மறுபக்கம் குளிர்ந்த நிழலில் ஆழ்ந்து கிடக்கிறது. வெயில் படும் பக்கத்தைப் பண்டைச் சீனர் ‘யாங்’ என்றனர்; நிழற்பக்கத்தை ‘யின்’ என்றனர். நாளடைவில் இவ்விரு சொற்களும் மலையை விட்டிறங்கி, வெம்மையும் தண்மையும், விரைவும் நிதானமும், இயக்கமும் அமைதியும் என உலகத்து இரட்டைகள் எல்லாவற்றிற்கும் பெயராயின. அந்த நிழற்பக்கத்தின் பெயரைத் தாங்கிய யோகப் பயிற்சி ஒன்று இன்று பல நாடுகளிலும் பரவி வருகிறது. ‘யின் யோகம்’ என்பது அதன் பெயர். தில்லியில் பயிலும் நம் தமிழ் மாணவர் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றிருப்பர். சிலர் பணம் கட்டிப் பயின்றும் வருகின்றனர். அஃது யாது, எங்கிருந்து வந்தது, அதனால் உடலுக்கும் உள்ளத்துக்கும் விளைவது என்ன, விளையும் என்று வீணே சொல்லப்படுவது என்ன என்பவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

நான் பௌதிகம் பயிலும் மாணவன். மருத்துவனும் அல்லன், யோகியும் அல்லன். இவ்விரு திறத்தாரும் பேசவேண்டிய பொருளில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பொருளை மெல்ல இழுத்தால் என்ன ஆகிறது, வெடுக்கென இழுத்தால் என்ன ஆகிறது என்பது பௌதிகக் கேள்வி. அந்தக் கேள்வி இப்பயிற்சியின் நடுவிலேயே இருக்கிறது. மேலும், காலை முதல் மாலை வரை ஆய்வுக்கூடத்து முக்காலியில் குனிந்திருந்துவிட்டு, மஞ்சள் வழி மெட்ரோவில் நின்றபடியே ஐ.என்.ஏ. நிலையம் வந்து இறங்கி, கிட்வாய் நகரில் சித்தப்பாவின் அரசுக் குடியிருப்புக்கு நடக்கும் ஒருவனுக்கு இடுப்பும் கழுத்தும் வெறும் ஏட்டுப் பொருள்கள் அல்ல.

முதலில் பயிற்சியின் முறையைக் கூறிவிடுகிறேன். யின் யோகத்து ஆசனங்கள் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தோ, குப்புறவோ, மல்லாந்தோ செய்யப்படுவன. ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை இருக்கவேண்டும். கருதத்தக்க விதிகள் மூன்றே. உடல் ‘இவ்வளவு போதும்’ என்று சொல்லும் எல்லைக்குச் சற்று முன்னரே நிற்பது முதல் விதி. அங்கேயே அசையாதிருப்பது இரண்டாவது. குறித்த நேரம் முடியும்வரை காத்திருப்பது மூன்றாவது. தசையை முறுக்கிக்கொண்டு நிற்பது இங்கே கூடாது. தசையைத் தளரவிட்டு, உடலின் சொந்தப் பாரமே அதைத் தாழ்த்தும்படி விட்டுவிடவேண்டும். வியர்வை இல்லை, எண்ணிக்கை இல்லை, கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதும் இல்லை.

எங்கள் குடியிருப்பை அடுத்த பூங்காவில் நாள்தோறும் காலையில் உலவும் பெரியவர் ஒருவர் உண்டு. தஞ்சை மாவட்டத்தவர், மகனோடு வந்து தங்கியிருப்பவர். இம்முறையை அவருக்கு விளக்கியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஏன் தம்பி, படுத்துக் கிடப்பதற்கும் ஒரு வகுப்பா? அதை எங்கள் ஊர்த் திண்ணையில் காசு வாங்காமலே சொல்லிக் கொடுத்தோமே!” என்றார். நகைச்சுவையாகச் சொன்னாலும் நல்ல கேள்விதான். படுத்துக் கிடப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டா? உண்டு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த வேறுபாடு விளம்பரக்காரர் சொல்லும் இடத்தில் இல்லை.

இப்பயிற்சியின் பிறப்பைச் சற்றே பார்ப்போம். 1970களின் பிற்பகுதியில் பாலி ஜிங்க் என்னும் அமெரிக்கர், சீனப் போர்க்கலையோடு தாம் கற்ற தாவோ நெறி யோகத்தைத் தம் நாட்டில் கற்பிக்கலானார். அவரிடம் பயின்ற பால் கிரில்லி என்பவர், அதனுள் அடங்கிய நீண்ட நேர ஆசனங்களைத் தனியே பிரித்தெடுத்து, உடற்கூற்று நூலறிவோடு இணைத்து ஒழுங்குபடுத்தினார். அவர் வழியில் வந்த சேரா பவர்ஸ் என்னும் அம்மையார் ‘யின்’ என்ற பெயரை முன்மொழிந்தார். 2002இல் கிரில்லியின் நூலும் வெளிவந்தது. ஆகவே பெயர் சீனம், பிறப்பிடம் அமெரிக்கா, வயதோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருக்கலாம், அவ்வளவுதான். ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை’ என்று விளம்பரத் தாள்களில் காண்பது வெறும் அலங்காரம்.

ஆனால் இதன் உயிர்க்கருத்து புதியதன்று. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் கொண்டது. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே மூன்று. இருக்கை அசைவின்றியும் சுகமாகவும் இருக்கவேண்டும். முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்பது அவற்றின் சாரம். முயற்சியைக் கூட்டுவதால் அன்று, தளர்த்துவதால் என்பதைக் கவனிக்க. பதினைந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அட யோகப் பிரதீபிகை, பிணம்போல் மல்லாந்து கிடக்கும் சவாசனத்தையும் ஓர் ஆசனமாகவே எண்ணி, அது களைப்பைப் போக்கும் என்கிறது. நம் தமிழில் திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எண்வகை யோக உறுப்புகளை வகுத்துரைக்கும்போது, இருக்கையை ‘ஆதனம்’ என்று தமிழ் ஓசைக்கேற்ப அழைத்து, அதனை மூச்சுப் பயிற்சிக்கு முன்வைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று வியப்பவர்கள் இதனையும் அறியவேண்டும். எல்லாம் நம்முடையதே என்று மார்தட்டுபவர்களோ, நீண்ட நேரம் தரையில் தளர்ந்திருக்கும் இந்த வரிசையை வகுத்தவர் நாம் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் யோகம் என்றதும் நம் கண்முன் வருவது துள்ளலும் வளைதலும் வியர்வையுமாக இருப்பது ஏன்? இதற்கு விடை மைசூரில் இருக்கிறது. 1933இல் மைசூர் சகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) அங்கே இளஞ்சிறுவர்களுக்கு விறுவிறுப்பான ஆசன வரிசைகளைக் கற்பித்தார். பயின்றவர்களில் பட்டாபி ஜோயிசும் பி.கே.எஸ். ஐயங்காரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றனர். மேல்நாட்டார் கண்ட இந்திய யோகத்தில் பெரும்பகுதி அந்தச் சாலையிலிருந்து கிளைத்ததே. பிற்காலத்தில் அதே கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நோயாளருக்கும் முதியோருக்கும் தனித்தனியே கற்பித்தபோது முறை மாறிவிட்டது. ஆளுக்கேற்ற ஆசனம், மூச்சின் நடைக்கேற்ற அசைவு, போதிய ஓய்வு என்று அது மெல்ல நடை போட்டது. அந்தப் பிற்கால முறையைப் போற்றுவதற்கே அவர் மகன் தேசிகாச்சாரியார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். புனேயில் ஐயங்காரும் திண்டு, கயிறு, கட்டை, போர்வை முதலியவற்றைத் துணையாக வைத்து, நோயுற்றோர் நெடுநேரம் வருந்தாமல் ஓர் ஆசனத்தில் இருக்க வழி கண்டார். ஆசிரியர் ஒருவரே, இளமைக்கு ஒரு முறை, முதுமைக்கு ஒரு முறை. உலகம் முன்னதைப் படமெடுத்துப் பரப்பிற்று. பின்னது படத்தில் எடுபடவில்லை போலும்!

இனி விஞ்ஞானத்திற்கு வருவோம். இங்கே கிட்வாய் நகருக்கு ஒரு தனி உறவு உண்டு. உணவு அமைச்சராகப் புகழ் பெற்ற ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய இந்நகரை, ஸ்ரீ அரவிந்தர் சாலை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே சுற்றுச்சாலையைக் கடந்தால் எதிரே நிற்பது எய்ம்ஸ் என நாம் அழைக்கும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். 1956இல் தோன்றிய அக்கழகத்தின் உடலியல் துறைக்கு முதல் தலைவராய் இருந்தவர் பி.கே. ஆனந்த். பசியைத் தூண்டும் மூளைப் பகுதியை 1951இல் அமெரிக்காவில் புரோபெக் என்பாருடன் சேர்ந்து கண்டறிந்து பெயர் பெற்றவர் அவர். அவரும் அவர் குழுவினரும் யோகிகளைக் கருவிகளின் முன் அமர்த்தி ஆராய்ந்து, 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். நாம் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவருக்கு அப்பால் நிகழ்ந்த ஆராய்ச்சி என்பதால், அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஓர் ஆய்வில் இராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டி ஒன்றினுள் இருக்கச் செய்து, அவர் உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமிலவாயுவையும் அளந்தனர். ஓய்வாக இருக்கும் உடலுக்கு இவ்வளவு பிராணவாயுவேனும் வேண்டும் என உடலியலார் கணக்கிட்டிருக்கும் அடிப்படை அளவு ஒன்று உண்டு. அவர் அதற்கும் கீழே தம் தேவையைக் குறைத்துக்கொண்டார் என்பதே அளவையில் தெரிந்தது. அற்புதம் நிகழவில்லை, காற்றின்றி அவர் வாழவுமில்லை. உடலின் செலவு குறைந்தது, அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ சிறிய செய்தி அன்று என்பதை, அடுப்பில் எரியும் விறகைக் கணக்குப் பார்த்த எந்த இல்லத்தரசியும் அறிவார்.

மற்றோர் ஆய்வை அமெரிக்கரான வெங்கரும், அங்கே பணியாற்றிய பாக்சி என்பவரும் ஆனந்துடன் இணைந்து செய்தனர். தம் விருப்பப்படி இருதயத்தை நிறுத்த வல்லோம் என்று கூறிய யோகிகளை அவர்கள் சோதித்தனர். நாடி விரலுக்குத் தட்டுப்படவில்லை. காதுக்குழலில் இருதய ஒலி கேட்கவில்லை. ஆனால் மின்பதிவுக் கருவியின் முள் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது! இருதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கியதால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, துடிப்பின் ஒலியும் நாடியும் மங்கின. இருதயத்துக்கு நேரே ஆணையிட அவர்களால் இயலவில்லை. நம் வசத்திலுள்ள மூச்சின் வழியாகவும் தசையின் வழியாகவும் சுற்றிச் சென்றே அதனைத் தொட்டனர். விஞ்ஞானிகள் யோகிகளை ஏளனம் செய்யவுமில்லை, வணங்கி வாய்மூடவுமில்லை. அளந்தார்கள், அளந்ததைச் சொன்னார்கள். இன்று யின் யோகத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியதும் இந்த மனப்பான்மையே.

சுற்றுவழி என்று சொன்னேன் அல்லவா? யின் யோகம் பயன்படுவதும் அவ்வழியில்தான். மூன்று நான்கு நிமிடம் தசை தளர்ந்து கிடக்கும்போது மூச்சு தானாகவே நீள்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து என்பது பத்தாகி, எட்டாகி, இன்னும் குறைவதுண்டு. இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செபமாலை சொல்வோரும் யோக மந்திரம் ஓதுவோரும் தம்மை அறியாமலே நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்னும் நடையை அடைகின்றனர் என்று கண்டனர். அந்த நடையில், இரத்த அழுத்தம் ஏறும்போது இருதயத்தை அடக்கியும், இறங்கும்போது முடுக்கியும் சமன் செய்யும் தன்னியக்க முறை கூர்மையடைகிறது. இலத்தீன் மொழிச் செபத்துக்கும் வடமொழி மந்திரத்துக்கும் இருதயம் வேற்றுமை பாராட்டவில்லை. அது மூச்சின் நடையை மட்டுமே கேட்டது.

இனி இழுவைக்கு வருவோம். பரோட்டாக் கடையில் மாவு பிசைபவரைப் பார்த்திருப்பீர்கள். பிசைந்தவுடன் மாவை இழுத்தால் அது அறுந்துவிடும், அல்லது வெடுக்கென்று சுருங்கிக்கொள்ளும். எண்ணெய் தடவி ஈரத்துணியால் மூடிச் சிறிது நேரம் வைத்தபின், மெல்ல இழுத்தால் துணிபோல விரியும். மாவில் இரண்டு குணங்கள் கலந்திருக்கின்றன. ரப்பரைப் போல் பழைய நிலைக்கு மீள விரும்பும் குணம் ஒன்று; தேனைப் போல் மெல்ல வழிந்தோடும் குணம் மற்றொன்று. விரைந்து இழுத்தால் ரப்பர்க் குணம் முன்வந்து எதிர்க்கும். பொறுத்து இழுத்தால் தேன் குணம் இடம் கொடுக்கும். நம் தசைகளைப் போர்த்தும் உறைகளும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்பை எலும்போடு கட்டும் நார்களும் இத்தகைய கலப்புப் பொருள்களே. ஒரே பாரத்தை நெடுநேரம் தாங்கினால் அவை மெல்ல மெல்ல நீள்கின்றன; ஒரே நீளத்தில் நெடுநேரம் நிறுத்தினால் அவற்றின் எதிர்ப்புக் குறைந்துகொண்டே வருகிறது. யின் ஆசனத்தில் பாரம் மாறுவதில்லை, புவியீர்ப்பே பாரம். ஆய்வுக்கூடத்தில் கம்பியின் முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறோமே, அதே சோதனைதான் இங்கே நம் உடம்பில் நடக்கிறது.

ஆனால் ஒரு தடை. இப்படி நீண்டது நிலைத்து நிற்பதில்லை. எழுந்து நடமாடினால் சிறிது நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அப்படியிருக்க, சில வாரப் பயிற்சிக்குப் பின் முன்னிலும் நன்றாகக் குனிய முடிவது எப்படி? தசை நீண்டுவிட்டதனால் அன்று, இழுவையை முன்போல் ஆபத்தென்று நரம்புகள் கருதாமையால்தான் என்பதே அண்மைக்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சுருங்கும் என்பதை இலிடலும் செரிங்டனும் 1924இலேயே விளக்கினர். இழுவை விரைவாக இருந்தால் இந்தச் சுருக்கம் கடுமையாக எழும். மெதுவாக இருந்தால் தணிந்திருக்கும். நாள்தோறும் சிறிது நேரம், வலியில்லாத இழுவையில் அமைதியாக மூச்சுவிட்டுக் கொண்டிருந்தால், ‘இங்கே அஞ்சவேண்டியது ஒன்றுமில்லை’ என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. திண்ணையில் படுத்துக் கிடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். திண்ணையில் ஓய்வு மட்டும் உண்டு. இங்கே சிறு நெருக்கடியின் நடுவே ஓய்வு. தேர்வு மண்டபத்தில் நமக்குத் தேவைப்படுவதும் அதுவன்றோ?

இணைப்புத் திசுவின் உயிரணுக்களே இழுவைக்கு வடிவம் மாறி விரிகின்றன என்பதை அமெரிக்காவில் எலீன் இலாங்கெவின் அம்மையாரின் குழு 2005இல் சுண்டெலியின் திசுவில் காட்டியது. இது சுவையான செய்தி. ஆனால் சுண்டெலியின் தோலடித் திசுவில் கண்டதை மனிதன் முதுகுவலிக்கு மருந்தென்று தாவிச் சொல்லக்கூடாது. அவ்வாறே, இவ்வாசனங்கள் உடலின் ‘சக்தி நாளங்களை’த் திறக்கின்றன என்றும், சப்பானிய அறிஞர் மோட்டோயாமா அவற்றைத் தோலின் மின்னோட்டத்தால் அளந்தார் என்றும் கிரில்லியின் வழியினர் சொல்வர். தோலின் மின்தடை, வியர்வை சிறிது கசிந்தாலும் மாறும். அச்சம் வந்தாலும் மாறும். கருவியின் முனையைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நாளங்களை நிறுவ முடியாது. இதில் எனக்கு ஐயமில்லை.

மனிதரை வைத்துச் செய்த சோதனைகள் சொல்வது என்ன? சுவீடனில் மன இறுக்கத்துக்கு ஆளான 105 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஐந்து வாரம் யின் யோகம் பயின்றோர்க்குக் கவலையும் சோர்வும் குறைந்தன, உறக்கம் சீர்பட்டது, இரத்தத்தில், மன இறுக்கத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு பொருளின் அளவும் தாழ்ந்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் ஒப்பிட நின்ற மற்றைக் கூட்டத்தார் அந்த ஐந்து வாரமும் பயிற்சி எதுவுமின்றி இருந்தவர்கள். ஆகவே நன்மை செய்தது ஆசனமா, அமைதியான அறையா, கனிவான ஆசிரியரா, வாரந்தோறும் தமக்கென ஒதுக்கிய நேரமா என்று பிரித்துச் சொல்ல இயலாது. இதற்கு நல்ல ஒப்பு 2014இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வு. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் முதலியவை வரம்பு மீறத் தொடங்கிய 180 பேரில் ஒரு பாதியினர்க்குத் திண்டுகளின் துணையோடு செய்யும் ஓய்வு யோகமும், மறுபாதியினர்க்குச் சாதாரண நீட்டல் பயிற்சியும் 48 வாரம் தந்து பார்த்தனர். வெறுவயிற்றுச் சர்க்கரை ஒன்றில் மட்டும் யோகம் சற்றே மேலாக நின்றது. பிறவற்றில் வேறுபாடு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நிதானமாகச் செய்யும் எளிய நீட்டலும் ஏறக்குறைய அதே நன்மையைத் தரும் என்றால், பெயருக்காகப் பெரும்பணம் கட்டவேண்டுமா என்பதை மாணவத் தோழர்கள் சிந்திக்கவேண்டும்.

இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவன், ஊரை விட்டு வந்த முதலாண்டிலேயே மனப்பதற்றத்தால் உறக்கம் இழந்து மருத்துவரிடம் மாத்திரை பெற்று வந்தான். யோகம் கற்பிக்கும் ஒருவர், ஆசனத்தில் ஊறினால் மாத்திரை எதற்கு என்று சொல்ல, அவன் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டான். இரண்டு வாரத்தில் அவன் பட்ட பாட்டை அறையில் உடனிருந்தவர்களே அறிவர். அவன் தந்தை திருநெல்வேலியிலிருந்து இரண்டு இரவு இரயிலில் வந்து அழைத்துப் போனார். இன்று நலமாக இருக்கிறான். மருத்துவர் சொற்படி மாத்திரையும் எடுக்கிறான், மாலையில் ஆசனமும் செய்கிறான். ஒன்றுக்கு மற்றொன்று எதிரியன்று. எதிரியாக்கியது ஒருவருடைய அளவு மீறிய பேச்சு.

இனிச் செய்முறை. விடுதி அறையில் ஒருவர் படுக்கும் இடமிருந்தால் போதும். ஒரு பாய், ஒரு தலையணை, மடித்த போர்வை, ஒரு கடிகாரம். இவற்றுக்கு மேல் எதையும் வாங்க வேண்டுவதில்லை. தில்லியின் மார்கழி தைக் குளிரில் வெறுந்தரை எலும்பைத் துளைக்கும். பாயின்மேல் கம்பளி விரித்துக்கொள்க. அசையாதிருக்கும்போது உடல் விரைவில் குளிரும். ஆகவே காலுறையும் நல்லது. உண்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்கவேண்டும்.

முதலில் உட்கார்ந்து இரு பாதங்களின் அடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, உடலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்கள் இருபுறமும் தாமாகச் சாயட்டும். முதுகை நிமிர்த்த முயலாமல், தலையைத் தொங்கவிட்டு முன்னே கவிழுங்கள். மேல்நாட்டார் இதை வண்ணத்துப்பூச்சி என்பர்; நம் பழைய பத்த கோணாசனத்தின் சோம்பல் தங்கை எனலாம். நான்கு நிமிடம். பின்னர்க் கால்களை நீட்டி, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் மார்பைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தொடையின் பின்புறம் மிக இழுத்தால் முழங்காலின் அடியில் போர்வையைச் சுருட்டி வைக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடுத்துக் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள். நாள் முழுதும் ஏட்டின்மேலும் திரையின்மேலும் குனிந்திருக்கும் நமக்கு, இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் செய் என்றால் இதனையே சொல்வேன். இது மூன்று நிமிடம் போதும். அப்புறம் மல்லாந்து முழங்கால்களை மடக்கி இருபுறமும் மாறி மாறிச் சாய்த்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம். இறுதியில் சுவரை ஒட்டிப் படுத்துக் கால்களைச் சுவரின்மேல் சார்த்தி வைத்தல். ஒவ்வோர் ஆசனத்தின் முடிவிலும் ஒரு நிமிடம் சும்மா கிடக்கவேண்டும். எல்லாம் அரை மணிக்குள் அடங்கும். படுக்கைக்குப் போகுமுன் செய்வது எனக்குப் பிடித்தமானது. விடியற்காலையில் உடல் விறைத்திருக்கும், அப்போது இழுவையைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

எச்சரிக்கைகளும் உண்டு. மந்தமான இழுவை இயல்பு. குத்தும் வலி, எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு ஆகியவை இயல்பல்ல. அவை தோன்றினால் நேரம் முடியும்வரை வீரம் காட்டாமல் மெல்ல வெளியே வந்துவிடவேண்டும். முதுகெலும்பின் வட்டு பிதுங்கியவர்களும், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்களும் முன் குனியும் ஆசனங்களைத் தவிர்க்கவேண்டும். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். விரல்களையும் முழங்கைகளையும் இயல்புக்கு மீறி வளைக்கவல்ல சிலர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இப்பயிற்சி மிக எளிதாகத் தோன்றும். உண்மையில் அவர்களே மிகுதியாகத் தயங்கவேண்டியவர்கள். ஏற்கெனவே நெகிழ்ந்த மூட்டை மேலும் நெகிழ்த்துவதில் நன்மை இல்லை. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியே அவர்களுக்கு முதலில் வேண்டுவது. மற்றவர்க்கும், ஓட்டமோ வேகநடையோ பளுத்தூக்கலோ செய்யும் வேலையை இது செய்யாது. நிழற்பக்கம் மட்டும் உள்ள மலை எங்கும் இல்லை.

2015 சூன் 21இல், முதல் உலக யோக நாளன்று, அக்காலத்தில் ராஜபாதை என வழங்கிய கர்த்தவ்யப் பாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து உலகப் பதிவை ஏற்படுத்தினர். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் நாம் பேசும் பயிற்சிக்கு அத்தனை பேர் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். ஆசிரியர் ஒருவர் மட்டும் தொடக்கத்தில் சில நாள் உடனிருந்து பார்த்துத் திருத்துவது நலம். அசோகா சாலையில் 1998இல் அமைக்கப்பட்ட மொரார்ஜி தேசாய் தேசிய யோகக் கழகம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வருவோர் மஞ்சள் வழியில் பட்டேல் சௌக் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அங்கே போய் ‘யின்’ என்ற பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டாம். மெதுவாகச் செய்யும் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் தொடக்க நிலையில் கற்க வேண்டும் என்று கேளுங்கள். முதுகுவலியோ வேறு நோயோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பு முடிந்து எழும்போது, வலப்புறம் ஒருக்களித்துச் சற்றுக் கிடந்து, கையூன்றி உட்கார்ந்து, பிறகே நில்லுங்கள். அவ்வளவு நேரம் தாழ்ந்திருந்த இரத்த அழுத்தம் மேலேற ஓரிரு நிமிடம் பிடிக்கும்.